விக்டோரியா காலத்து ஆடுகுதிரையைப் பழைய முறையிலேயே செய்வது எப்படி

லண்டனில் எஃப். எச். ஏர்ஸ், ஜி அண்ட் ஜே லைன்ஸ் போன்ற பட்டறைகள் செய்த பழைய ஆடுகுதிரையை, அதாவது குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையைப் பார்த்தால் முழு மரத்தைச் செதுக்கியது போலத்தான் இருக்கும். ஆனால் வயிறு வெறும் பெட்டி. மேலே ஒரு கனமான பைன் பலகை, கீழே ஒன்று, நடுவில் சுற்றிலும் கட்டைகள், எல்லாவற்றையும் வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். முழுக் கட்டை காயக் காய வெடிக்கும், எடையும் கூடிவிடும். நீங்களும் பெட்டியாகவே செய்யுங்கள்.

கால்களுக்கு பீச் (beech) மரம். மரத்தின் ரேகை காலின் நீளவாக்கில் ஓடவேண்டும், குறுக்கே ஓடினால் குழந்தை ஏறியதும் கணுக்கால் முறிந்துவிடும். கீழ்ப்பலகையின் நான்கு மூலைகளிலும் சாய்வாக வெட்டி, கால்களை அதில் பொருத்தி ஒட்டி, திருகாணியும் போடுங்கள். தொடைச் சதைக்குத் தனிக் கட்டை ஒட்டவேண்டும். தலையை மட்டும் கழுத்தில் சேர்ப்பதற்கு முன்பே பெரும்பாலும் செதுக்கிவிடுங்கள், அப்புறம் தாடைக்கு அடியில் உளி போகாது.

சரி, இப்போதுதான் முக்கியமான வேலை, ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு முன் மரத்தின் மேல் பூசும் வெள்ளை அடிப்பூச்சு. இதை அவசரப்படுத்தினால் குதிரையே கெட்டுப்போகும். முயல்தோல் பசையை இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளஞ்சூட்டில் கரையுங்கள். கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். அதில் சலித்த சுண்ணக்கட்டிப் (chalk) பொடியை மெதுவாகத் தூவிக் கலக்கி, பாலேடு பதத்துக்கு வந்ததும் சூட்டோடு பூசுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது, ஆறேழு பூச்சாவது வேண்டும். கடைசியில் உப்புத்தாளால் தேய்த்தால் ஒட்டுகளெல்லாம் மறைந்து முட்டை ஓடு போல வழவழப்பாகிவிடும். பழைய குதிரைகளின் முகத்தில் இருக்கும் அந்த மென்மை மரத்தினுடையது அல்ல, இதனுடையதுதான்.

வெளிர்சாம்பல் எண்ணெய் வண்ணம் பூசி, காய்ந்ததும் துணிப்பொதியில் கறுப்பைத் தொட்டு, நடுநடுவே வட்டமாக வெளிச்சம் விட்டுத் தட்டினால் புள்ளிக்குதிரை. மேலே வார்னிஷ், கண்ணாடிக் கண், உண்மையான குதிரைமயிரில் பிடரியும் வாலும், தோல் சேணம்.

அடியில் வளைந்த ஆட்டக்கட்டை வைப்பது பழைய வழக்கம். ஆட ஆட அது நகர்ந்துகொண்டே போகும், விரலையும் நசுக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஃபிலிப் மார்குவா 1880-இல் காப்புரிமை பெற்ற தாங்கியில் குதிரை இரும்புக் கம்பிகளில் தொங்கி ஊசலாடும், தாங்கி இடம் மாறாது. வீட்டுக் குழந்தைக்கு என்றால் இதையே செய்யுங்கள்.

பழைய குதிரை ஒன்று கையில் கிடைத்தால் வண்ணத்தைச் சுரண்டிவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கால வண்ணத்தில் ஈயம் இருக்கும், தூசி ஆபத்து. சேணத்தைத் தூக்கி அடியில் பாருங்கள், வெயில் படாத அந்த இடத்தில் பழைய நிறம் மிச்சம் இருக்கலாம். உதிர்ந்த இடங்களுக்கு அதைப் பார்த்தே வண்ணம் கலக்குங்கள்.