கத்தரிக்கு உயிர் உரம்: முதலில் செய்த தவறும் திருத்தியதும்

போன சித்திரையில் கால் ஏக்கர் கத்தரிக்கு இரண்டு உயிர் உரம் போட்டேன்: காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லமும், மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும். ஒரு பலனும் தெரியவில்லை, இலை வெளிறியே நின்றது. அப்புறம்தான் உறைத்தது. பாக்கெட்டுகளைத் தகரம் வேய்ந்த மோட்டார் ரூமில் 2 வாரம் போட்டு வைத்திருந்தேன். உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா. அந்த வெக்கையை எப்படித் தாங்கும்? போதாததற்கு டிஏபி என்ற ரசாயன உரத்தோடு கலந்தே தூவியிருந்தேன்.

ஆடிப் பட்டத்தில் மாற்றிக்கொண்டேன். காலாவதி தேதி பார்த்து வாங்கி, வீட்டுக்குள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். நடவு நாளில் இரண்டு உயிர் உரத்திலும் ஒவ்வொரு 200 கிராம் பாக்கெட்டை வாளித் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 20 நிமிடம் நனைத்தேன். கருப்புக் கரைசல் வேர்களில் சேறு போல அப்பிக்கொண்டது. அப்படியே நட்டோம். இன்னும் சில பாக்கெட்டுகளை மட்கிய தொழுவுரத்தோடு பிசறி, வெயில் தாழ்ந்ததும் ஈரமண்ணில் தூவினேன். ரசாயன உரத்தை 10 நாள் தள்ளிவைத்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சல்லிவேர் கொத்தாகத் தொங்கியது, மனசு நிறைந்துவிட்டது! யூரியாவை அடியோடு நிறுத்தவில்லை, கால் பங்கு குறைத்தேன். இலையில் பச்சை குறையவே இல்லை.