புரியவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள்

புதிய நாட்டுக்கு வந்த முதல் சில மாதங்களில் பலரை வாட்டுவது ஒரே பயம்: நாலு பேர் முன்னால் அசடு வழிய நேருமோ? அந்தப் பயத்தை மறைக்கப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலையிடத்தில் மேலாளர் வேகமாக ஏதோ சொல்கிறார். பாதிதான் புரிகிறது. திரும்பக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தலையாட்டிவிட்டு வந்தால், வேலை தப்பாக முடிந்த பிறகு "அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்பார். அதற்குப் பதில் இருக்காது. "கடைசியாகச் சொன்னது புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். இன்னும் நல்லது, புரிந்தவரை நீங்களே திருப்பிச் சொல்வது: "முதலில் இது, அப்புறம் அது, சரிதானே?" பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும். புரியாத ஜோக்குக்குச் சேர்ந்து சிரிப்பதும் வேண்டாம். அடுத்த கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

எல்லோரும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது பெரும்பாலும் மிகை. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், போடக் கூச்சப்படும் ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

அதனால் உச்சரிப்பை நினைத்து வருந்தாதீர்கள். இரவல் உச்சரிப்பு இரண்டு வாக்கியத்துக்கு மேல் தாங்காது. உங்கள் குரலிலேயே கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும்.

மற்றவர்களைத் தொந்தரவு செய்வது மட்டும் கட்டாயம் கண்ணில் படும். ரயிலில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது, முதல் சந்திப்பிலேயே சம்பளத்தையும் கல்யாணத்தையும் விசாரிப்பது. எல்லாவற்றையும்விட மோசம், லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரைப் பற்றித் தமிழில் பேசுவது. மொழி தெரியாவிட்டாலும் உங்கள் பார்வையும் சிரிப்பும் அவருக்குப் புரியும். அவருக்குத் தமிழே தெரிந்திருக்கவும் கூடும்!

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது தவறிவிட்டால், "சாரி" என்று ஒரு முறை சொல்லுங்கள். நீளமாக விளக்கம் கொடுத்தால், எதிரில் இருப்பவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.