சுவர் ஏறக் கற்கும் பிள்ளை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து உள்ளரங்கில் என் மகள் முதன்முதலாக, செயற்கைப் பிடிகள் பதித்த சுவரில் ஏறியபோது அவளுக்கு வயது 14. “பார்த்து ஏறும்மா” என்று கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. உச்சியைத் தொட்ட மகிழ்ச்சியில் அங்கிருந்தே குதித்தாள். விழும்போது கையைப் பின்னால் ஊன்றிவிட்டாள். மணிக்கட்டில் கட்டோடு 3 வாரம் பள்ளிக்குப் போனாள்.

என் தவறு, ஏறுவதை மட்டும் கவனித்தது. கயிறில்லாமல் ஏறும் போல்டரிங் சுவர் ஏறக்குறைய 4 மீட்டர்தான், கீழே தடித்த மெத்தை உண்டு. அந்த மெத்தையை நம்பித்தான் பிள்ளைகள் குதிக்கிறார்கள். முதல் நாளே கற்க வேண்டியது விழும் முறை: இரு பாதங்களும் சேர்ந்து தரையைத் தொட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், கைகளை மார்போடு அணைத்தபடி முதுகுப்பக்கம் உருள வேண்டும். முடிந்தவரை பிடிகளைப் பற்றி இறங்கிவருவது அதைவிட நல்லது. மெத்தையில் தண்ணீர் பாட்டில் கூடாது. தம்பி தங்கைகள் அங்கே ஓடியாடவும் கூடாது.

கயிறு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. தானாகக் கயிற்றை இழுத்துக்கொள்ளும் ஆட்டோ பிலே கருவியில் நடக்கும் மோசமான விபத்துகளில் பல, கொக்கியை மாட்ட மறந்து ஏறியதால் வந்தவை. பழகியவர்களே மறக்கிறார்கள். இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸ் இடுப்பெலும்புக்கு மேலே, கீழே இழுத்தாலும் நழுவாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். பக்கவாட்டு வளையங்கள் சாமான் தொங்கவிடத்தான். உடல் எடையைத் தாங்கா. கயிற்றை ஹார்னஸோடு கட்டும் எட்டு வடிவ முடிச்சு, கொக்கியின் பூட்டு இரண்டையும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் தொட்டுப் பார்க்கட்டும். கீழே கயிறு பிடிக்கும் வேலையைப் பயிற்சியாளர் சோதித்துத் தேர்ச்சி தந்த பிறகே தோழியிடம் விடலாம்.

மோதிரத்தோடு ஏறக் கூடாது. பிடியில் சிக்கினால் விரல் சதையையே உரித்துவிடும். பாட்டி போட்டுவிட்டது என்று என் மகள் முரண்டு பிடித்தாள். சோப்பு நுரை தடவித்தான் கழற்றினோம்.

காலணியில் நம் வீட்டு வழக்கம் தெரிந்ததே: வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவோம். அது சறுக்கும். கால்விரல் மடங்கி வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக வாங்குவதும் தவறு. சில மாதங்கள் வாடகைக் காலணியே போதும்.

எனக்கு உண்மையான அச்சம் விரல்களைப் பற்றித்தான். வளரிளம் வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் பகுதி, இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பெரியவர்களுக்குத் தசைநாரைப் பிடித்திருக்கும் பட்டை அறுந்துபோகிற சுமையில், இவர்களுக்கு அந்தத் தட்டு விரிசல் காண்கிறது. நடுவிரலின் நடுமூட்டில்தான் இது அதிகம். மெல்லிய விளிம்பை விரல்களை மடக்கி, பெருவிரலால் மேலே அழுத்திப் பிடிக்கும் பிடிதான் முக்கியக் காரணம். அடிபட்ட நினைவே இருக்காது. மூட்டின் மேற்புறம் சற்று வீங்கி, தொட்டால் வலிக்கும். “தைலம் தேய்த்தால் போய்விடும்” என்று விட்டால் விரல் கோணிப்போகலாம். ஏறுவதை உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். பிள்ளை சுவர் ஏறுவதையும் சொல்லுங்கள். கால் படாமல் கைகளால் மட்டும் தாவி ஏறும் கேம்பஸ் பலகை, எடை கட்டித் தொங்குவது இரண்டும் வளர்ச்சி நிற்கும் வரை வேண்டாம். தொடக்கத்தில் வாரத்துக்கு 2 நாள், இடையில் ஓய்வு நாள்.

எடை குறைந்தால் நன்றாக ஏறலாம் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளைகளும் உண்டு. இரவு இட்லி 4-லிருந்து 2 ஆனால் காரணம் கேளுங்கள்.

சில மாதத்தில் “ராமநகரம் போகலாமா?” என்று கேட்பார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் பாறைக் குன்றுகள் உள்ள ஊர் அது. உள்ளரங்கில் பிடிகள் திருகி முடுக்கியவை. அங்கே கல் பெயரும், தேனீ கலையும். ஹெல்மெட்டும், அந்தப் பாறைகளை அறிந்த வழிகாட்டியும் இல்லாமல் அனுப்பாதீர்கள். அங்குள்ள ராமதேவர பெட்டா என்ற குன்று பாறுக் கழுகுகளின் சரணாலயம். நினைத்த இடத்தில் கயிறு கட்டிவிட முடியாது.