சுற்றுலாவுக்காக எண்டு பொலிசும் அரசாங்கமும் சொல்றத நம்பமுதல் எப்படிச் சரிபார்க்கிறது, எப்படி எழுதிக் கேக்கிறது

பாசிக்குடாவுல இருந்து அறுகம்பே வரைக்கும் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறவங்க, ஆட்டோ ஓடுறவங்க, கரைவலை இழுக்கிறவங்க, பீச்சுல கடை போட்டிருக்கிறவங்க எல்லாருக்கும் இது. சீசன் தொடங்கினா நம்மட பக்கம் ஒரே கததான், செக் பொயின்ட் போட்டா சுற்றுலாவுக்காக, கடைய எடுக்கச் சொன்னா சுற்றுலாவுக்காக, தோணி இழுக்கிற இடத்துல கயிறு கட்டினாலும் சுற்றுலாவுக்காக. நம்மட ஆக்கள்ல பாதிப்பேர் அப்படியே தலையாட்டிட்டு வாறாங்க, மிச்சப்பேர் எல்லாம் பொய்யெண்டு டீக்கடையில கத்திட்டு வீட்ட போறாங்க. ரெண்டாலயும் கடைக்காரனுக்கு கட திரும்பக் கிடைக்கல்ல. சந்தேகப்படுறது நல்லதுதான், ஆனா அந்தச் சந்தேகத்த கேள்வியாக்கி, கேள்விய கடதாசியில போட்டு, கடதாசிக்குப் பதில் வாங்கணும். அத எப்படிச் செய்யிறது எண்டு எனக்குத் தெரிஞ்சத எழுதுறன்.

முதல்ல சொன்னது என்ன வகை எண்டு பாருங்க. அமைச்சர் மேடையில பேசினா அது பேச்சு. அமைச்சரவை முடிவு எண்டா அது ஒரு படி மேல, அவ்வளவுதான். ஒழுங்குவிதி எண்டா வர்த்தமானியில வந்திருக்கணும், அதுக்கு ஒரு நம்பரும் திகதியும் இருக்கும், அரச அச்சகத்துட வெப்சைட்டுல தமிழிலயும் தேடலாம். ஆகவே ஒரு ஒபிசர் வந்து "புது சட்டம் வந்திருக்கு" எண்டா சண்டை பிடிக்காம, குரல உசத்தாம, "சேர், வர்த்தமானி நம்பர சொல்லுங்க, குறிச்சு வைக்கிறன்" எண்டு கொப்பியும் பேனையும் எடுங்க. நம்பர் இருந்தா சொல்லுவாங்க, நாமளும் வாசிச்சுப் பாக்கலாம். இல்லாட்டி அது வாய்வார்த்தை எண்டு ரெண்டு பேருக்கும் அந்த இடத்துலயே விளங்கிரும்.

மேலிடத்து முடிவெண்டா ஒண்டும் செய்ய ஏலா எண்டு நினைக்கிறவங்க விசா கதைய ஒருக்கா யோசிங்க. 2024 ஏப்ரல்ல வெளிநாட்டுக்காரருக்கு ஒன்லைன் விசா குடுக்கிற வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்தாங்க, அதுவும் சுற்றுலாவ இலகுவாக்கத்தான் எண்டாங்க. ரவூப் ஹக்கீம், எம்.ஏ.சுமந்திரன், சம்பிக்க ரணவக்க ஆக்கள் உயர் நீதிமன்றம் போனாங்க, ஓகஸ்ட்ல கோர்ட் அத இடைநிறுத்திச்சு, அந்தக் கட்டளைய நடைமுறைப்படுத்தல்ல எண்டு செப்டம்பர்ல குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே விளக்கமறியலுக்குப் போனார். அவங்க அப்ப எம்பிமார், நமக்கு அந்தப் பலம் இல்லதான், ஆனா அந்த வழக்கும் கடதாசியிலதான் நிண்டது.

அடுத்தது கணக்கு. நூத்துக்கு இவ்வளவு கூடிட்டு எண்டு சொன்னா எந்த வருசத்தோட ஒப்பிடுறாங்க எண்டு பாருங்க. 2021ல நாட்டுக்கு வந்த டூரிஸ்ட் 194,495 பேர், 2022ல 719,978 பேர். இத 270 வீத வளர்ச்சி எண்டும் சொல்லலாம், பொய் இல்ல. ஆனா 2018ல வந்தது 23 இலட்சத்துக்கும் மேல, அதோட வச்சா 2022ல வந்தது மூண்டில ஒரு பங்கும் இல்ல. அதே ஆள்தொகைதான், பக்கத்துல வைக்கிற வருசம்தான் வேற. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை மாசாமாசம் தொகை வெளியிடுது, போன்லயே பாக்கலாம். இன்னொண்டு, வந்த ஆக்கள்ட தொகை எண்ணிப் பாத்தது, வருமானம் எண்டு சொல்ற டொலர் கணக்கு மதிப்பீடு, ரெண்டையும் ஒரே மாதிரி நம்பக்கூடாது. அதோட அந்த டொலர்ல பாசிக்குடாவுல மீன் விக்கிறவன்ட கைக்கு எவ்வளவு வந்தது எண்டு அந்தக் கணக்கு சொல்லாது. நாமதான் கேக்கணும்.

பொலிஸ்ட கணக்குக்கு இன்னும் கவனம் வேணும். 2023 டிசம்பர்ல யுக்திய எண்டு போதைப்பொருளுக்கு எதிரா ஒரு ஒப்பரேஷன் தொடங்கினாங்க, இத்தனை பேர் கைது எண்டு நாளாந்தம் நியூஸ்ல வந்தது. ஒரு மாசம் கொஞ்சத்துக்குள்ள 29,000 பேருக்கு மேல கைது எண்டு சொல்லி, 2024 ஜனவரியில ஐநாட மனித உரிமை நிபுணர்களே இத நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னாங்க. கைது எண்டுறது பொலிஸ் செய்த வேலைட தொடக்கம் மட்டும்தான். அதுக்குப் பிறகு எத்தனை பேருக்கு குற்றப்பத்திரம் போச்சு, எத்தனை பேர் குற்றவாளியா வந்தாங்க, எத்தனை பேர் சும்மா விடுபட்டாங்க, இந்த மூண்டு தொகையும் இல்லாம கைதுத் தொகைய மட்டும் சொன்னா அத வச்சு ஊர் பாதுகாப்பாயிட்டு எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலா. வீடு பூந்து தேடின குடும்பத்துப் பிள்ளைக்கு பள்ளிக்கூடத்துல என்ன பேர் கிடைச்சிருக்கும் எண்டும் யோசிக்கணும்.

பாதுகாப்பு எச்சரிக்கை வந்தா என்ன செய்யிறது எண்டு கனபேர் கேக்கிறாங்க. 2024 ஒக்டோபர் 23ம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பே பக்கம் போகவேணாம் எண்டு அறிவிச்சது நினைவிருக்கும், இஸ்ரேலும் தங்கட ஆக்கள வெளிக்கிடச் சொன்னது, பொத்துவில் றோட்டெல்லாம் பொலிசும் ஆமியும். அப்ப நம்மட ஆக்கள் சிலபேர் இது யாவாரத்த கெடுக்கிற சதி எண்டாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டன். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல 2019 ஏப்ரல் 21 குண்டு வெடிச்சு என்ன நடந்தது எண்டு நமக்குத் தெரியும், அதுல செத்த பிள்ளைகளத் தெரியும். அதுக்கு முன்னமே தகவல் கிடைச்சும் நடவடிக்கை எடுக்கல்ல எண்டு 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி, அப்ப இருந்த பொலிஸ்மா அதிபர் பூஜித ஜயசுந்தர ஏழரைக் கோடி எண்டு நட்டஈடு கட்டச் சொன்னது. எச்சரிக்கைய அலட்சியம் செய்தா என்ன வரும் எண்டு படிச்ச ஊர் நம்மட ஊர். அதனால எச்சரிக்கை வந்தா கெஸ்ட்மாருக்கு உடனே உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பொலிசுக்கு ஒத்துழையுங்க. கேள்விகள மறுகா கேளுங்க, ஆனா கேக்காம விடாதீங்க: ஆரப் பிடிச்சாங்க, எந்தச் சட்டத்துல, பயங்கரவாதத் தடைச்சட்டமா சாதாரண சட்டமா, வழக்கு எங்க நிக்கிது. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தரும் இதக் கேக்கிறதில்ல, அதாலதான் பதிலும் வாறதில்ல.

இனி ஸ்டேஷன். இங்கதான் நம்மட ஆக்கள் கூடுதலா ஏமாறுறது, அதால கொஞ்சம் விரிவா சொல்றன். ஒரு வெள்ளைக்காரர்ட போன் களவு போனா அவருக்கு டூரிஸ்ட் பொலிஸ் இருக்கு, கோல் பண்ண 1912 எண்டு டூரிஸ்ட்மாருக்கு ஒரு நம்பர் இருக்கு, இன்சூரன்ஸ் எடுக்க ரிப்போட்டும் வேணும் எண்டு உடனே எழுதிக் குடுப்பாங்க. அதே இடத்துல வேலை செய்யிற நம்மட தம்பிட சைக்கிள் போனா "நாளைக்கு வா". நாளைக்கு போங்க, ஆனா தனிய போகாதீங்க, பெண்களெண்டா பெண்கள் சிறுவர் பிரிவக் கேளுங்க.

கவுண்டர்ல நடக்கிறது இப்படித்தான்: நீங்க தமிழ்ல சொல்லுவீங்க, அவர் கேட்டுக்கேட்டு பெரிய புத்தகத்துல சிங்களத்துல எழுதுவார், நீங்க அஞ்சு நிமிசம் சொன்னது அங்க நாலு வரியா இருக்கும், மறுகா புத்தகத்த உங்கட பக்கம் திருப்பி, விரல வச்சு, இதுல சைன் வைங்க எண்டுவார். அந்த இடத்துல நில்லுங்க. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1979ம் ஆண்டு 15ம் இலக்கம், 109ம் பிரிவு என்ன சொல்லுது எண்டா, நீங்க சொல்ற பாஷையிலயே எழுதி உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், அந்தப் பாஷையில எழுத ஏலாட்டி உங்களையே எழுதித் தரச் சொல்லிக் கேக்கணும். ஆகவே "சேர், நான் தமிழ்ல என்ட கையால எழுதித் தாறன்" எண்டு மரியாதையா சொல்லுங்க. இது சலுகை இல்ல, வடக்கு கிழக்குல நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்புட 22ம் உறுப்புரையிலயே இருக்கு. வீட்ட இருந்தே எழுதிட்டுப் போனா இன்னும் நல்லம்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடம், கண்டவங்க ஆர். கோபத்த எழுதாதீங்க, நடந்தத எழுதுங்க. ரெண்டு பிரதி கொண்டு போய் ஒண்டுல திகதியோட சீல் கேளுங்க. வாய்முறைப்பாடா பதிஞ்சா எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எழுதின ஒபிசர்ட நம்பர் என்ன எண்டு குறிச்சிட்டு வெளிய வாங்க. வாசிக்க ஏலாத பாஷையில சைன் வைக்கவே வேணாம், வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லுங்க.

முறைப்பாட எடுக்கமாட்டன் எண்டா ஸ்டேஷன் பொறுப்பதிகாரிய, அதான் ஓஐசியப் பாருங்க, அவரும் எடுக்காட்டி அதே கடிதத்த எஸ்எஸ்பிக்கு (சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர்) பதிவுத் தபால்ல போட்டு, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க, பொலிசுக்கு எதிரான முறைப்பாட விசாரிக்கிற அதிகாரம் அவங்களுக்கு அரசியலமைப்பாலயே இருக்கு. றோட்டுல மறிச்சு பைன் எண்டு காசு கையில கேட்டா குடுக்காதீங்க, தண்டச்சீட்டு எழுதச் சொல்லுங்க, 14 நாளைக்குள்ள தபால் கந்தோர்ல கட்டலாம். இலஞ்சம் கேட்டா 1954 எண்டுற நம்பருக்கு கோல் பண்ணிச் சொல்லுங்க.

அடி, சட்டவிரோதக் கைது, தடுத்து வைக்கிறது மாதிரி எதுவும் நடந்தா நாள் முக்கியம். அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாசம்தான் இருக்கு. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனா விசாரணை நடக்கிற காலம் கணக்குல வராது, 1996ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்துல இது இருக்கு. மட்டக்களப்புலயும் கல்முனையிலயும் அவங்கட ஒபிஸ் இருக்கு. ஆனா கடிதத்த குடுத்திட்டு சும்மா இருந்தா போதாது, விசாரணை நடக்குது எண்டதுக்கு எழுத்துல ஆதாரம் வச்சிருங்க, கோர்ட் அதக் கேக்கும். வக்கீலுக்கு வசதியில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க. மருத்துவமனையில காட்டினா என்ன நடந்தது எண்டு டொக்டருக்கு மறைக்காம சொல்லுங்க, விழுந்திட்டன் எண்டு சொல்லச் சொல்லி ஆரும் சொன்னாலும் சொல்லாதீங்க.

கரை விசயம் சுருக்கமா. கடல் ஓரத்துல இருந்து உள்ளுக்க 300 மீற்றர் கரையோர வலயம், 1981ம் ஆண்டு 57ம் இலக்கச் சட்டம். அதுக்குள்ள கட்டிடம், மதில் எண்டு அபிவிருத்தி வேலை செய்யிறதெண்டா பெர்மிட் வேணும். ஹோட்டல்காரர் வேலி போட்டா செக்கியுரிட்டியோட மல்லுக்கட்டாதீங்க, போட்டோ எடுங்க, கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு பெர்மிட் நம்பர் என்ன, என்ன நிபந்தனை எண்டு எழுதிக் கேளுங்க.

எழுதிக் கேக்கிறதுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ம் ஆண்டு 12ம் இலக்கம். பொலிஸ், பிரதேச சபை, டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்), சுற்றுலா அதிகாரசபை எல்லாத்துக்கும் இது பொருந்தும், என்னத்துக்குக் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. ஏன் எண்டு கேட்டா ஏன் எண்டே வரும், எத்தனை, எப்ப, எவ்வளவு காசு, எந்த ஆவணம் எண்டு கேட்டாத்தான் பதில் வரும். இப்படி எழுதலாம்:

"2024 ஒக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரை பொத்துவில் பொலிஸ் பிரிவில் பதியப்பட்ட களவு முறைப்பாடுகளின் எண்ணிக்கை, அவற்றில் வெளிநாட்டவர் வழங்கியவை எத்தனை, உள்ளூர்வாசிகள் வழங்கியவை எத்தனை, ஒவ்வொரு பிரிவிலும் நீதிமன்றத்தில் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டவை எத்தனை என்ற விபரங்களைத் தமிழில் தரவும்."

தகவல் அலுவலர் எண்டு விலாசம் போடுங்க, அப்படி ஒருத்தர நியமிக்கல்ல எண்டா அந்த நிறுவனத்துட தலைவர்தான் சட்டப்படி தகவல் அலுவலர், அதால "இங்க அப்படி ஆள் இல்ல" எண்டுற பதில ஏத்துக்கொள்ளாதீங்க. கடிதம் கிடைச்சதுக்கு ரசீது வாங்குங்க. தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளைக்குள்ள முடிவு சொல்லணும், ஒருத்தர்ட உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதெண்டா 48 மணித்தியாலம். பதில் இல்லாட்டி, இல்ல மறுத்தா, 14 நாளைக்குள்ள அதே நிறுவனத்துல குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்புல இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, அங்கயும் தமிழ்லயே எழுதலாம். தேசிய பாதுகாப்பு எண்டு மறுத்தா எந்தப் பிரிவுல மறுக்கிறீங்க எண்டு எழுத்துல கேட்டு, அந்தக் கடிதத்தயும் ரசீதுகளையும் சேத்தே மேன்முறையீட்டோட அனுப்புங்க.