கேரவன் டேங்குக்கு மீட்டர்: பொருத்துவதும் லிட்டர் பிடிப்பதும்

பிரானூர் பார்டரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கொல்லம் போகிற ரோடு. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு, டிராவலர் வேனைக் கேரவனாக மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள். தண்ணீர் மீட்டர் வேலை என்று வந்தால் எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இன்னும் எத்தனை பேர் குளிக்கலாம்?" அதற்கு மீட்டர் பதில் சொல்ல வேண்டுமானால் அது லிட்டரில் பேச வேண்டும். பெட்டியில் வருகிற கால், அரை, முக்கால் விளக்கு அதற்குப் போதாது. லிட்டர் கணக்கை நாம்தான் தண்ணீர் ஊற்றி அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வண்டியில் பொதுவாக மூன்று டேங்க் இருக்கும். நல்ல தண்ணீர், குளியல் மற்றும் பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைக் கழிவு. மூன்றுக்கும் ஒரே சென்சார் வாங்கினால் மொத்த விலையில் தருவார்கள்தான். வாங்காதீர்கள். டேங்குக்குள் என்ன கிடக்கிறது, டேங்க் எதனால் ஆனது, இந்த இரண்டைப் பார்த்துத்தான் சென்சார்.

நல்ல தண்ணீருக்கு நான் போடுவது மிதவை சென்சார். ஒரு ஸ்டீல் குழாய், அதன் மேல் காந்தம் வைத்த மிதவை. குழாய்க்குள் வரிசையாக ரீட் சுவிட்சுகள், அதாவது காந்தம் பக்கத்தில் வந்தால் இணைகிற சுவிட்சுகள் இருக்கும்; மிதவை ஏறி இறங்கும்போது ஓம்ஸ், அதாவது மின்தடை மாறும். வாங்கும்போது ஓம்ஸைக் கேட்டு வாங்குங்கள். 0–190 என்று ஒரு வகை, இதில் காலி 0, நிறைவு 190. 240–33 என்று இன்னொரு வகை, இதில் காலி 240, நிறைவு 33. சென்சார் ஒரு வகையும் மீட்டர் இன்னொரு வகையுமாக இருந்தால் டேங்க் நிறைய நிறைய முள் காலியைப் பார்த்துப் போகும். வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் மணிக்கணக்கில் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார்கள், ஆகாது. குழாயின் நீளம் டேங்கின் உள் உயரத்தைவிட 2 செ.மீ. குறைவாக இருக்கட்டும், அடியில் முட்டக் கூடாது.

சோப்புத் தண்ணீர் டேங்கும் கழிப்பறை டேங்கும் வேறு கதை. உள்ளே கம்பி நீட்டுகிற வகை இங்கே சீக்கிரம் பொய் சொல்லும். கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் வந்தால் மின்சாரம் பாயும், விளக்கு எரியும், அவ்வளவுதான் அதன் தத்துவம். தேங்காய் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து டேங்க் சுவரில் படலமாகப் படிந்துவிட்டால், தண்ணீர் இறங்கின பிறகும் அந்த ஈரப் படலத்தில் மின்சாரம் பாயும். டேங்க் காலி, விளக்கு நிறைவு. கழிப்பறை டேங்கில் இது இன்னும் மோசம். நம் ஊரில் காகிதம் போடுகிறவர்கள் குறைவு, அதனால் அடைப்பு குறைவு. ஆனால் பைப்பில் தண்ணீர் அடிப்பதால் டேங்க் சீக்கிரம் நிறையும். வெளிநாட்டு வீடியோவில் சொல்கிற நாள் கணக்கை இங்கே நம்ப வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் வெளியே ஒட்டுகிற பட்டை சென்சார்தான் என் தேர்வு. பிளாஸ்டிக் சுவருக்கு மறுபக்கம் தண்ணீர் இருக்கிறதா என்று அது கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டம் தேங்குகிற அளவு மாறுவதை வைத்துப் பார்க்கும். டேங்கில் ஓட்டை போட வேண்டாம், நாற்றம் இல்லை, பழுதானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குக்கு இது சுத்தமாக வேலை செய்யாது. பாடி கட்டுகிற சிலர் ஸ்டீல் டேங்கைத்தான் பெருமையாகப் போட்டுத் தருகிறார்கள், ஆகவே முதலில் ஒரு காந்தத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் சரியாக ஒட்டாது. ஸ்டீல் டேங்க் என்றால் அதற்கும் மிதவைதான், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற அல்ட்ராசோனிக் சென்சாரை இளவட்டங்கள் கொண்டுவருகிறார்கள். மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்புகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பது அது. ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்கிற நீர்புகா மாடல் மொட்டைமாடி டேங்குக்கு நல்லது. அதற்கு முகத்துக்கு நேரே சுமார் 20 செ.மீ. வரை எதுவும் தெரியாது. கேரவன் டேங்கின் மொத்த உயரமே 30 செ.மீ. என்றால் எதை அளப்பது? அழுத்த சென்சாரும் இப்படித்தான். கடையில் எளிதாகக் கிடைப்பது 12 பார் வரை அளப்பது. 30 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் 0.03 பார், அதாவது அதன் அளவில் 0.25 சதவீதம். டேங்க் காலியானாலும் நிறைந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இனி பொருத்துவது. சென்சார் நிற்கிற இடம் டேங்கின் நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். காரணம் சரிவு. டேங்க் 120 செ.மீ. நீளம், வண்டி 3 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் தண்ணீர் மட்டத்தில் 6 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். முனையில் இருக்கிற சென்சார் நடு மட்டத்தைவிட 3 செ.மீ. கூடவோ குறையவோ காட்டும், 30 செ.மீ. டேங்கில் அது பத்தில் ஒரு பங்கு. மலைப் பக்கம் சமதளமாக வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே அபூர்வம். நடுவில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் அதை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளுங்கள், மிதவை இடிக்கக் கூடாது.

மிதவை சென்சாரின் ஃபிளாஞ்சில், அதாவது டேங்க் மேல் உட்காருகிற வட்டத் தட்டில், ஐந்து துளைகள் இருக்கும். அவை சம இடைவெளியில் இருக்காது, ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். ரப்பர் கேஸ்கெட்டையே டேங்க் மேல் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நடுத் துளைக்கு வட்டமாக வெட்டுகிற ஹோல்சா பிட் போடுங்கள். சுற்றியிருக்கிற துளைகளுக்குச் சின்ன பிட்டில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். துளை போடும்போது டேங்க் காலியாக இருக்கட்டும், உள்ளே விழுகிற பிளாஸ்டிக் சுருளை வேக்யூமில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அதை விட்டால் பம்பின் ஃபில்டரில் போய் உட்காரும். பிளாஸ்டிக்கில் திருகை நேராக ஏற்றினால் நிற்காது, டேங்குக்கு உள்பக்கம் நட்டுகள் பொருத்திய ஒரு வளையம் வேண்டும், திருகு அதில் ஏறும்.

பட்டை சென்சார் ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பாலிஎத்திலீன் டேங்கில் சாதாரணப் பசை பிடிக்காது, அதற்கான ஒட்டும் டேப்பை வாங்கி ஒட்டி, மேலே இரண்டு இடத்தில் வாரால் கட்டிவிடுவது நல்லது. பக்கத்தில் இரும்பு ஃபிரேமோ கிளாம்போ இருந்தால் அளவு குழம்பும். ஒட்டும்போது கீழ் முனை டேங்க் அடியோடு சேர்ந்திருக்க வேண்டும்.

வயரிங்கில் அவசரம் வேண்டாம். 0.75 சதுர மி.மீ. வயர் போதும். மீட்டருக்குப் போகிற பிளஸ் வயரில் பேட்டரி பக்கமாகவே 1 ஆம்பியர் ஃப்யூஸ். மைனஸை எங்கே கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். பக்கத்தில் கண்ணில் படுகிற சேஸிஸ் போல்ட்டில் கொடுக்காதீர்கள். சென்சார், மீட்டர் இரண்டின் மைனஸும் ஒரே இடத்துக்கு, பேட்டரி மைனஸ் பஸ்பாருக்கு, அதாவது மைனஸ் வயர்கள் எல்லாம் சேர்கிற உலோகத் துண்டுக்கு வர வேண்டும். தண்ணீர் பம்ப் ஓடும்போது மட்டும் முள் துள்ளுகிறதா? பம்பின் மைனஸும் சென்சாரின் மைனஸும் ஒரே வயரில் வருகின்றன என்று அர்த்தம். பிரித்துவிட்டால் போதும், சென்சார் மேல் பழி போட வேண்டாம். வண்டிக்கு அடியில் போகும் வயரை ஃபிளெக்சிபிள் குழாய்க்குள் விடுங்கள். இந்தப் பக்கம் மர மில்கள் அதிகம், எலிக்குக் குறைவில்லை. இணைப்புக்கு முன்னால் வயரைக் கீழே ஒரு வளைவு இறக்கி ஏற்றினால் மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

இப்போது அளவு பிடிக்கிற வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டேங்க் மேலேயே ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள், டயருக்கு அடியில் பலகை கொடுத்தாவது சமன் செய்யுங்கள். தரையில் மட்டம் பார்த்துப் பயனில்லை, சஸ்பென்ஷன் ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

பூஜ்யம் எது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். டேங்க் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருப்பது பூஜ்யம் கிடையாது. பம்ப் உறிஞ்சுகிற குழாய் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும். 120-க்கு 40 செ.மீ. அடிப்பரப்புள்ள டேங்கில் 1.5 செ.மீ. தண்ணீர் என்றாலே 7 லிட்டர். அது இருந்தும் இல்லாதது. அதனால் குழாயைத் திறந்து பம்ப் காற்றை இழுக்கிற வரை ஓட்டுங்கள். பம்ப் சத்தம் மாறியதும் நிறுத்துங்கள். அந்த நிலையில் மீட்டரில் 'காலி' பதியுங்கள். கழிவு டேங்குகளுக்கு வால்வைத் திறந்து முழுக்க வடித்து அலசிய பிறகு பூஜ்யம்.

அப்புறம் 20 லிட்டர் தண்ணீர் கேன். கழுத்துவரை நிரப்பினால் 20-க்கு மேல் போகும், தோள்வரை நிரப்பினால் குறையும். பலசரக்குக் கடைத் தராசில் கேனைக் காலியாக ஒரு முறை எடை போட்டு, பிறகு தண்ணீர் மட்டும் 20 கிலோ வருகிற மாதிரி நிரப்பி, மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இனி ஒவ்வொரு கேனும் ஊற்றி, இரண்டு நிமிடம் அலை அடங்கவிட்டு, மீட்டர் காட்டுவதை ஒரு தாளில் எழுதுங்கள். ஓம்ஸ் தெரிகிற மீட்டர் என்றால் ஓம்ஸையே எழுதுங்கள். மேலே வழிகிறவரை இப்படி.

"செவ்வக டேங்க்தானே, காலியும் நிறைவும் வைத்தால் நடுவில் தானாக வராதா?" என்று எங்கள் கடைப் பையன் கேட்பான். சக்கர வளைவுக்காக அடியில் வெட்டி எடுத்த டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் 12 செ.மீ. உயரம்வரை அகலம் 25, அதற்கு மேல் 18 செ.மீ. உயரத்துக்கு அகலம் 40, நீளம் 120. கீழே 36 லிட்டர், மேலே 86, மொத்தம் சுமார் 122. மிதவை பாதி உயரத்தில், அதாவது 15 செ.மீ.யில் நிற்கும்போது உள்ளே இருப்பது 50 லிட்டர்தான், 61 இல்லை. 11 லிட்டர் என்பது சிக்கனமாகக் குளித்தால் ஒரு ஆள் குளிக்கிற தண்ணீர். பல புள்ளிகளைப் பதிய முடிகிற மீட்டர் என்றால் எல்லாவற்றையும் பதியுங்கள். முடியாத மீட்டர் என்றால் எழுதிய தாளை லேமினேட் செய்து மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அளவு பிடித்த பிறகு எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14-க்கு மேல். மலிவு மீட்டர்களில் அதற்கேற்ப அளவும் ஏறிவிடும். அப்படி ஏறினால் மீட்டருக்கு முன்னால் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் தேவை.

கம்பி வகை சென்சார் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றக் காசில்லை என்பவர்களுக்கு ஒரு விஷயம். அது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை வைத்து வேலை செய்கிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், விளக்கு பளிச்சென்று எரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஓடைத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்தால் உப்பு மிகக் குறைவு. டேங்க் நிறைந்திருக்கும், விளக்கு எரியத் தயங்கும். ஆர்.ஓ. தண்ணீருக்கும் இதே கதை. சென்சிட்டிவிட்டி திருகு இருந்தால் உப்பு குறைந்த தண்ணீரை ஊற்றி வைத்தே திருப்புங்கள்.

கடைசியாக டேங்கை நிரப்பிக்கொண்டு மலை ரோட்டில் எஸ் வளைவு ஏறி இறங்கி வாருங்கள். ஓடும்போது மீட்டர் ஆடுவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். வந்ததும் ஃபிளாஞ்சைச் சுற்றி ஒரு காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் திருகுகளை வரிசையாக முறுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கால் சுற்று கொடுங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் கேஸ்கெட் மறுபக்கம் பிதுங்கிவிடும். அப்புறம் டேங்கை வடித்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.