கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் கடலூரில் உள்ள எங்கள் மருந்துக் கடைக்கு வருவார். இன்சுலின் 20 யூனிட், ஒருவேளை தவறுவதில்லை, ஆனால் சுகர் மட்டும் இறங்கவே இல்லை. ஒருநாள் “ஐயா, ஊசியை எடுத்துட்டு வாங்க” என்றேன். மூடி ஆரஞ்சு, அதாவது மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கான சிரிஞ்சு. அவர் வாங்குவதோ மில்லிக்கு 40 யூனிட் குப்பி. அந்த சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். கொடுத்தது யார்? எங்கள் கடைப் பையன்தான், 40 யூனிட்டுக்கான சிவப்பு மூடி தீர்ந்துபோனதால் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறான். இது தெரியாமல் டாக்டர் டோஸை ஏற்றி, அப்புறம் சரியான சிரிஞ்சு கிடைத்திருந்தால் சுகர் தரைக்கு இறங்கி மயங்கி விழுந்திருப்பார்.

அன்றைக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்கி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மருந்துக் கடையில் நிற்கும் நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். நடந்த தப்பு, நடக்க இருந்து தப்பியது, இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். யார் செய்தது என்று எழுதாதீர்கள், எழுதினால் அடுத்த தப்பை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் நோட்டில் அடிக்கடி வருவது குழந்தைகளின் பாராசிட்டமால். டிராப்ஸில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சிரப் கணக்கில் டிராப்ஸை ஊற்றிய அம்மாக்கள் உண்டு.

சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாங்குபவரிடம் இதைக் கேட்காமல் அனுப்பவே கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டியதைத் தினமும் போட்டு உயிர் போனவர்கள் இருக்கிறார்கள், அதனால் நான் கவர் மேல் ‘திங்கள் மட்டும்’ என்று கிழமையையே எழுதிவிடுவேன்.

வாரத்துக்கு 15 நிமிடம், கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில், போனில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்துத் தர ஆணையம் வெளியிடும் பக்கவிளைவு எச்சரிக்கைகள். இன்னொன்று, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் போடும் தரமற்ற மருந்துப் பட்டியல். பட்டியலைப் படித்தால் மட்டும் போதாது, பேட்ச் நம்பரை உங்கள் அலமாரியோடு ஒத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். மருந்துக் கம்பெனி ரெப் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் வேலைக்காகாது, அவர் விற்க வந்தவர்.

வாடிக்கையாளர் ‘இந்த மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு’ என்றால் ‘நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க’ என்பதோடு விடாதீர்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பக்கவிளைவு கண்காணிப்பு மையம் இருக்கிறது, அங்கே தெரிவிக்கலாம், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். மருந்தின் பெயர், பேட்ச், எப்போது ஆரம்பித்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

பார்மசிஸ்ட் பதிவைப் புதுப்பிக்கப் புத்தாக்கப் பயிற்சி வேண்டும், அதற்குப் போங்கள். சாப்பாடு நன்றாக இருக்கும்.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய தலைவலி புயல். 2011-இல் ‘தானே’ புயல் வந்தபோது கடலூரில் பல நாள் கரன்ட் இல்லை. ஐப்பசி பிறந்ததும் பிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக் காலையும் மாலையும் அதே நோட்டில் குறியுங்கள், 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரன்ட் போனால் ஐஸ் பெட்டிக்கு மாற்றும்போது இன்சுலின் ஐஸைத் தொடாமல் நடுவில் துணி சுற்றுங்கள். உறைந்து போனதை உருக வைத்து விற்காதீர்கள், பார்க்கப் பழையபடி தெளிவாக இருந்தாலும் சரி.