எடை குறைந்தால் சபாஷ் போடாதீர்கள்

பெங்களூரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் செவிலியர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுடன் முதல் மாதம் நானும் போவேன். பிபி பட்டையைத் தளர்வாகச் சுற்றுவதெல்லாம் நாளடைவில் தானே சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன். அப்படித் தானாகச் சரியாகாத தவறுகள் இவை.

எடை குறைந்ததைப் பாராட்டுவது

போன வாரம் ஒரு பெண், சர்க்கரை நோயுள்ள பெரியவரிடம், "தாத்தா, மூன்று கிலோ இறங்கியிருக்கிறீர்கள், சபாஷ்!" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே சபாஷை நானும் ஒரு காலத்தில் போட்டவள்தான்.

அல்சூரில் ஒரு பாட்டி, 74 வயது. எட்டு மாதத்தில் 61 கிலோ 54 ஆனது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம். "நல்ல கட்டுப்பாடு" என்று குறித்துவைத்தேன். ரவிக்கையை இரண்டு ஊக்குகள் இழுத்துப் பிடித்திருந்ததும் வளையல் முழங்கை வரை ஓடியதும் கண்ணில் பட்டன, கருத்தில் ஏறவில்லை. பிரதோஷம் தவறாமல் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போனவர், "இனி யாருக்காகப் போகவேண்டும் கண்ணு?" என்றபோது, முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். கணவர் இறந்தபின் இரவில் அரை டம்ளர் கஞ்சிதான் குடித்திருக்கிறார். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒரு விடியற்காலை சர்க்கரை இறங்கிக் குளியலறை வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அந்த 6.2 பட்டினி கொடுத்த எண். பல நோய்களோடு தளர்ந்திருக்கும் முதியவருக்கு 8க்குள் இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே தளர்த்திச் சொல்கிறது. முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃப்ரீட் குழு 2001இல் உடல் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தது: தானாக எடை குறைவது, களைப்பு, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. மனச்சோர்விலும் இவற்றில் பல வரும் என்பதால்தான் ஒன்றைப் பார்த்ததும் மற்றதையும் தேட வேண்டியிருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் சோர்வு வரலாம். இப்படி எடை இறங்குவதைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவு அவர் பொறுப்பு.

"நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தாத்தாவிடம் நேற்று இரவு என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "இரண்டு பிஸ்கட்."

மகனிடம் கேட்பது

பாட்டிக்கு வாய் இருக்கிறது. மகனைக் காய் வாங்க அனுப்புங்கள்.

முழு ஓய்வு எடுக்கச் சொல்வது

தொடைச் சதை கரைவதற்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை.

மனச்சோர்வு மாத்திரையைப் பாதியில் கைவிட விடுவது

பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சேர்ந்து போகிறதென்றால் இரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லி நினைவூட்டுங்கள். திடீர்த் தடுமாற்றத்துக்குச் சோடியம் குறைவதும் காரணமாகலாம்.